மெழுகும் பீங்கானும் காட்டிக்கொடுத்த கப்பல்: ஒரிகன் கரையில் ஒரு மணிலா கேலியன்

1693ஆம் ஆண்டின் நடுவில் பிலிப்பைன்ஸிலிருந்து மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்குப் புறப்பட்ட 'சாந்தோ கிறிஸ்தோ தெ புர்கோஸ்' என்ற ஸ்பானியக் கப்பல் போய்ச் சேரவே இல்லை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து வடகரையில், நெஹேலம் ஆறு கடலில் சேரும் இடத்தில், இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தேன்மெழுகும் சீனப் பீங்கான் சில்லுகளும் ஒதுங்கிக்கொண்டிருக்கின்றன. இந்த இரண்டு செய்திகளையும் இணைத்தது யார், எந்த முடிவுகளால், எவ்வளவு காலத்தில் என்பதைப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம். நான் இதை ஆராய்ந்த குழுவைச் சேர்ந்தவன் அல்ல. வெளியான அறிக்கைகளையும் கட்டுரைகளையும் வைத்து எழுதுகிறேன். இதில் வரும் மீனவரும் ஆய்வாளர்களும் பெயரில்லாமலே வருகிறார்கள்.

பின்னணி

பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் இடையில் கேலியன் என்ற பெரிய பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலம் 1565 முதல் 1815 வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள். கிழக்கே போகும்போது சீனப் பட்டு, பீங்கான், அரக்குப் பூச்சுப் பெட்டிகள், தந்தத்தில் செதுக்கிய புனிதர் சிலைகள், இந்தியப் பருத்தித் துணி, மிளகு, கிராம்பு, தேன்மெழுகு. மேற்கே திரும்பும்போது மெக்சிகோ வெள்ளி, பாதிரிமார், அதிகாரிகள், அரசக் கடிதங்கள். ஆண்டுக்கு இரண்டு கப்பல்தான், மணிலாவில் ஏற்றும் சரக்கின் மதிப்பு 2,50,000 பெசோவைத் தாண்டக்கூடாது என்று 1593இல் அரசாணை வந்தது. ஆணையை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. சரக்கறையைப் பங்கு போட்டு மணிலாவாசிகளுக்குச் சீட்டு கொடுப்பார்கள். சீட்டு கைமாறும், விலைபோகும், கடைசியில் தண்ணீர்ப் பீப்பாய் வைக்க வேண்டிய இடத்தில்கூடப் பட்டு மூட்டை உட்கார்ந்திருக்கும்.

சரக்குகளில் மெழுகுதான் நம் கண்ணுக்கு விசித்திரமாகப் படும். கத்தோலிக்கத் திருப்பலிக்குத் தேன்மெழுகில் செய்த மெழுகுவத்தி வேண்டும். மெக்சிகோவிலும் பெருவிலும் தேவாலயங்கள் பெருகப் பெருக அதன் தேவையும் பெருகியது. பிலிப்பைன்ஸ் காடுகளில் காட்டுத் தேனீக்களின் மெழுகு ஏராளம். ஸ்பானியர் அதை வரியாகவும் வாங்கினார்கள், விலைக்கும் வாங்கினார்கள். உருக்கிக் கட்டியாக வார்த்து, உடையவரின் குறியைக் கீறி, கப்பலில் ஏற்றினார்கள்.

வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸின் சான் பெர்னார்தினோ நீரிணையைக் கடந்ததும் கப்பல் வடகிழக்காக ஏறும். குரோஷியோ நீரோட்டத்தையும் மேலைக்காற்றையும் பிடித்து, வட அட்சரேகை 30க்கும் 40க்கும் இடையில் பெருங்கடலைக் கடந்து, கலிபோர்னியக் கரையை அடையாளம் கண்டு தெற்கே இறங்கும். நான்கு முதல் ஆறு மாதம் பிடிக்கும். நெஹேலம் இருப்பது 45 பாகைக்கும் மேலே, இந்த வழியிலிருந்து பல நூறு கிலோமீட்டர் வடக்கே. எந்த மாலுமியும் விரும்பிப் போகும் இடம் அல்ல. பாய்மரம் முறிந்தோ சுக்கான் உடைந்தோ காற்றின் போக்கில் அடித்துச் செல்லப்பட்டிருந்தால்தான் அங்கே சேரும்.

கரையில் கண்டவை

கப்பலைப் பற்றி முதலில் அறிந்தவர்கள் அந்தக் கரையின் மக்கள்தான்: நெஹேலம்-டில்லமூக், கிளாட்சாப் இனத்தார். கப்பல் உடைந்ததும், உயிரோடு கரையேறியவர்கள் சில காலம் தங்களோடு இருந்ததும், பிறகு பூசல் மூண்டதும் அவர்களுடைய வாய்மொழிக் கதைகளில் உண்டு. பொருள்களும் கதைக்குத் துணை நிற்கின்றன. ஒதுங்கிய பீங்கான் சில்லுகளைத் தட்டிச் செதுக்கி அவர்கள் அம்பு முனை செய்திருக்கிறார்கள். நீலக்கோட்டு ஓவியத்தின் ஒரு துணுக்கு, மெருகு மாறாமல், இருபுறமும் சில்லு பெயர்த்துக் கூராக்கப்பட்டு, பழங்குடிக் குடியிருப்பு இருந்த இடத்தில் கிடைத்திருக்கிறது. சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தெஜெனின் சூளையில் வெந்து, மணிலாவில் விலைபேசப்பட்டு, மெக்சிகோவில் சாக்லேட் குடிக்கும் மேசைக்குப் போக வேண்டிய பாத்திரம் அது. இந்த வணிகத்தின் கலைப்பொருள்களில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், அருங்காட்சியகத்து ஜாடிகளை விட்டுவிட்டு இந்த அம்பு முனையைத்தான் சொல்வேன்.

1813–14 குளிர்காலத்தில், கொலம்பியா ஆற்று முகத்தில் இருந்த வணிகக் கோட்டையில் தங்கிய ஒரு தோல் வணிகர், கரையோர மக்கள் மணலிலிருந்து எடுத்த தேன்மெழுகைப் பண்டமாற்றுக்குக் கொண்டுவருவதைக் குறித்து வைத்தார். பிறகு வந்த குடியேறிகள் மணலைத் தோண்டி மெழுகெடுத்து விற்றார்கள். ஹவாய் வரைக்கும் போனது. கட்டிகளோடு, திரி இருந்த துளை தெரியும் மெழுகுவத்தித் துண்டுகளும் கிடைத்தன. கட்டிகளின் மேல் வணிகர் குறிகள். அப்படி ஒரு குறியை 1679 என்று வாசித்து, அதுவே கப்பல் உடைந்த ஆண்டு என்று முடிவு கட்டியவர்களும் உண்டு.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த சர்ச்சை வேடிக்கையானது. இது தேனீ மெழுகே அல்ல, பூமிக்குள் உண்டாகும் கனிம மெழுகு என்று சில நிலவியலாளர்கள் வாதிட்டார்கள். கனிம மெழுகு இருந்தால் எண்ணெயும் இருக்கும் என்ற நப்பாசை அந்த வாதத்துக்குப் பின்னால் இருந்தது. 1908இல் ஒரிகன் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஒருவர் சோதனை முடிவுகளோடு கட்டுரை எழுதி, தேன்மெழுகுதான் என்று நிறுவினார். பொருள் என்ன என்பது அன்றைக்கே தீர்ந்துவிட்டது. எந்தக் கப்பல் என்பது மட்டும் தீரவில்லை.

புதையல் தேடியவர்கள்

நெஹேலத்துக்கு வடக்கே கடலை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் நெஹ்கானி மலையில், கப்பலிலிருந்து இறக்கிய ஒரு பெட்டி புதைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு கதை பரவியது. அதை நம்பித் தலைமுறை தலைமுறையாகத் தோண்டினார்கள். 1931இல் தோண்டிய குழி சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். பொது நிலத்தில் புதையல் தேட உரிமம் தரும் சட்டம்கூட ஒரிகனில் இருந்தது; 1999இல்தான் நீக்கினார்கள். தோண்டியதில் பொன் ஏதும் வரவில்லை. மண் கலைந்ததுதான் மிச்சம்.

வெள்ளி போன திசையைப் பார்த்திருந்தாலே போதும், பாதிப் பேர் மண்வெட்டியைக் கீழே போட்டிருப்பார்கள். காசு நிறைந்த பெட்டிகள் அகாபுல்கோவிலிருந்து மணிலாவுக்குத்தான் போயின. கிழக்கே வரும் கப்பலில் இருப்பது சரக்கு. நகை அறவே இராது என்று சொல்ல முடியாது. 1638இல் பசிபிக் கடலின் சைபான் தீவருகே உடைந்த 'கன்செப்சியோன்' கேலியனும் கிழக்கே போன கப்பல்தான். அதிலிருந்து 1987–88இல் ஏராளமான பொன் நகைகளை எடுத்தார்கள். ஆனால் உடைந்த கப்பலிலிருந்து தப்பியவர்கள், உணவும் குடிநீரும் தேட வேண்டிய நேரத்தில், மலையேறிப் பெட்டி புதைத்தார்கள் என்பது நம்புகிற மாதிரி இல்லை.

ஆற்று முகத்தில் ஒரு கப்பலின் எலும்புக்கூடு கடல் வற்றும்போது தெரியும் என்றும், 1920களுக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை என்றும் ஊர்க்காரர்கள் சொல்லிவந்தார்கள். அதிலிருந்து மரம் எடுத்து மேசை நாற்காலி செய்தவர்களும் உண்டாம்.

2006: கேள்வி மாறியது

2006இல் தொல்லியலாளர்களும் வரலாற்று ஆர்வலர்களும் நிலவியலாளர்களும் சேர்ந்து, பெரும்பாலும் தன்னார்வமாக, ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் எடுத்த முதல் முடிவு, கப்பலை நேரடியாகத் தேடாமல், கையில் ஏற்கெனவே இருப்பதை ஒழுங்காகப் படிப்பது. காரணம் எளிது. கடலடி ஆய்வுக்குப் பணம் இல்லை. அந்தக் கடலில் முக்குளிப்பதும் சுலபம் இல்லை. சில்லுகளோ ஊரெங்கும் அலமாரிகளிலும் காலணிப் பெட்டிகளிலும் சும்மா கிடந்தன. கரையில் நடக்கும்போது பொறுக்கியவை, பாட்டி காலத்திலிருந்து வீட்டில் இருப்பவை.

அவற்றைத் திரட்டி ஆராய்ந்ததில், பெரும்பாலானவை காங்ஷி பேரரசர் காலத்து (1661–1722) நீல வெள்ளைப் பீங்கான் என்று தெரிந்தது. காங்ஷி காலம் 61 ஆண்டுகள் நீண்டது. அது மட்டும் போதாது. ஆனால் ஜிங்தெஜென் சூளைகள் 1670களின் நடுவில் நடந்த கலகத்தில் அழிந்து, 1680களில்தான் மீண்டும் சீராக எரியத் தொடங்கின. கடல் வணிகத்துக்கு இருந்த தடையைச் சீன அரசு 1684இல் நீக்கியது. பாத்திரத்தின் அடி வளையம், மெருகின் நிறம், கோட்டின் நயம், பூவேலையின் பாணி ஆகியவற்றை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தபோது காலம் 17ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளுக்குச் சுருங்கியது. முழுப் பாத்திரம் ஒன்றுகூட இல்லை. உள்ளங்கையில் அடங்கும் சில்லுகள் செய்த வேலை இது.

அதன் பிறகு ஆவணங்கள். மணிலாக் கப்பல்களுக்கு ஸ்பானிய அரசு எழுதிய கணக்குகள் ஏராளம். எந்தக் கப்பல் எந்த ஆண்டு போனது, வந்தது, வரவில்லை என்பதெல்லாம் செவில் நகரத்து ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. பீங்கான் சுட்டிய காலத்தை ஒட்டி, தடயமின்றிக் காணாமல்போனவை இரண்டே கப்பல்கள்: 1693இல் கிளம்பிய சாந்தோ கிறிஸ்தோ தெ புர்கோஸ், 1705இல் கிளம்பிய சான் பிரான்சிஸ்கோ சேவியர்.

முதலில் பலருடைய கணிப்பு 1705 கப்பலின் பக்கமே சாய்ந்தது. சாந்தோ கிறிஸ்தோ நடுக்கடலில் தீப்பிடித்து எரிந்தது என்று பழைய வரலாற்று நூல்களில் ஒரு குறிப்பு இருந்ததுதான் காரணம். எரிந்து மூழ்கிய கப்பல் ஒரிகனுக்கு வர முடியாது அல்லவா? இங்கே குழு எடுத்த முடிவு பாராட்டத்தக்கது. நூலில் இருக்கிறது என்று விட்டுவிடாமல், மூல ஆவணங்களைத் தேடச் சொன்னார்கள். அதிகாரிகளின் எழுத்துகளில் அந்தத் தீ விபத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கப்பலுக்கு என்ன ஆயிற்று என்றே அவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் தெரிந்தது. ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்ட கப்பல் மறுபடியும் உள்ளே வந்தது.

இரண்டு கப்பல், ஒரு சுனாமி

இரண்டில் எது என்பதைத் தீர்த்தது மண். 1700 ஜனவரி 26 இரவு, அமெரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் காஸ்கேடியப் பிளவில் ஏறத்தாழ 9 அளவு கொண்ட நிலநடுக்கம் நிகழ்ந்தது. அந்தக் கரையில் எழுதி வைக்க யாரும் இல்லை. ஆனால் நிலம் நடுங்காமலே தங்கள் கரையை அடித்த அலையை ஜப்பானியர்கள் நாளோடு எழுதி வைத்தார்கள். கரையோரம் உப்புநீரில் மூழ்கிச் செத்த தேவதாரு மரங்களின் வளையங்களும் அதே குளிர்காலத்தைக் காட்டின. சுனாமியின் தேதி அப்படித்தான் உறுதியானது.

நெஹேலத்தில் ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே நீளமான மணல் திட்டு இருக்கிறது. நிலவியலாளர்கள் அதன் மணல் அடுக்குகளைப் படித்து, மெழுகும் சில்லுகளும் எங்கெங்கே, எந்த அடுக்கில், எந்த உயரத்தில் கிடைத்தன என்று வரைபடம் போட்டார்கள். கடலோரத்தில் மட்டும் அல்லாமல், சாதாரணப் புயலலை எட்டாத இடங்களிலும், திட்டைத் தாண்டி உட்புறத்திலும் அவை சிதறியிருந்தன. 1700 சுனாமி திட்டின் மேலேறிக் கடந்தபோது அள்ளிக்கொண்டு போய்ப் போட்டது என்றால்தான் இந்தச் சிதறல் பொருந்தும். அப்படியானால் கப்பல் 1700க்கு முன்பே உடைந்திருக்க வேண்டும். 1705 கப்பல் விலகியது. மிச்சம் இருந்தது 1693 கப்பல்.

இந்தத் தர்க்கத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பொருள்களின் வயதை அளந்து இந்த முடிவுக்கு வர முடியாது. கதிரியக்கக் கார்பன் முறை 12 ஆண்டு இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. பீங்கான் பாணியும் அவ்வளவு கூர்மையாகப் பேசாது. பொருள் கிடந்த இடம்தான் பேசியது. அலமாரிகளில் இருந்த சில்லுகளில் எத்தனைக்கு இடக்குறிப்பு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கடற்குகையில் மரங்கள்

2013இல், மன்சனீட்டா ஊரருகே கடலை ஒட்டிய பாறைக் குகை ஒன்றில் உள்ளூர் மீனவர் ஒருவர் சில மரத்துண்டுகளைப் பார்த்தார். சிறுவயது முதல் கப்பல் கதையைக் கேட்டு வளர்ந்தவர். சாதாரணமாக ஒதுங்கும் கட்டை இல்லை, வெட்டி இழைத்த கப்பல் மரம் என்று அவருக்குத் தோன்றியது. தன்னளவில் கண்காணித்துவந்தார். 2020இல், அலை அவற்றைக் கொண்டுபோய்விடும் என்ற பயத்தில் ஆய்வுக் குழுவைத் தொடர்புகொண்டார்.

குழுவின் முதல் எதிர்வினை அவநம்பிக்கை. பசிபிக் அலை அறையும் பாறைக் குகையில் 300 ஆண்டு மரம் நிற்காது. பிற்காலத்துக் கப்பல் ஏதாவதாக இருக்கும் என்று நினைத்தார்கள். இருந்தாலும் ஒதுக்கிவிடவில்லை. சிறு மாதிரியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மரம் அனகார்டியேசியே குடும்பத்தைச் சேர்ந்த, ஆசிய வெப்பமண்டலத்து வன்மரம் என்று முடிவு வந்தது. நம்மூர் மாவும் முந்திரியும் சேர்ந்த அதே குடும்பம். கார்பன் கணக்கின்படி மரம் 17ஆம் நூற்றாண்டின் நடுவை ஒட்டியது.

கப்பல் கட்டியது 1680களின் இறுதியில். மரத்தின் வயது அதற்கு முந்தியதாக இருப்பது முரண் அல்ல. பெரிய மரத்தின் உள்வைரத்திலிருந்து அறுத்த துண்டு, மரம் வெட்டப்பட்ட ஆண்டைக் காட்டாது. அந்த வளையம் வளர்ந்த ஆண்டைத்தான் காட்டும்.

மரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கேலியன்களை ஸ்பானியக் கப்பல் என்கிறோம். பெரும்பாலானவை பிலிப்பைன்ஸ் மரத்தில், பிலிப்பைன்ஸ் தச்சர் கையில் உருவானவை. சாந்தோ கிறிஸ்தோவும் அங்கே, சோர்சோகோன் பகுதியில் கட்டியதுதான். காட்டில் மரம் வெட்டி இழுத்துவர 'போலோ' என்ற கட்டாய உழைப்பு முறை இருந்தது. ஊர் ஊராக ஆண்களைப் பிடித்துப் போனார்கள். சாமார் தீவிலிருந்து கவீத்தே கப்பல் பட்டறைக்கு ஆளனுப்பச் சொன்னதால்தான் 1649இல் சுமுரோய் கிளர்ச்சி வெடித்தது. பீங்கானைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதியிருக்கிறார்கள். பீங்கானைச் சுமந்த பலகையைச் செதுக்கியவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள இந்த மாதிரி மரத்துண்டுகள்தான் நேரடிச் சான்று.

எடுப்பதா, விடுவதா

கடலடித் தொல்லியலில், கிடைத்த இடத்திலேயே விட்டுப் பாதுகாப்பதைத்தான் முதல் தெரிவாகக் கருத வேண்டும் என்கிறது 2001 யுனெஸ்கோ உடன்படிக்கை. அமெரிக்கா அதில் சேரவில்லை என்றாலும் தொழில்முறை ஆய்வாளர்கள் அந்த நெறியை மதிக்கிறார்கள். நீரில் ஊறிய மரத்தை வெளியே எடுத்தால் உப்பு நீக்கி, மெல்ல உலர்த்தி, ஆண்டுக்கணக்கில் கவனிக்க வேண்டும்; இல்லையென்றால் வெடித்துச் சுருங்கிவிடும்.

இருந்தும் எடுப்பது என்று முடிவானது. மரங்கள் கடலடி மணலில் புதைந்து கிடந்தால் விட்டிருக்கலாம். அவை குகையில், அலை போய்வரும் இடத்தில், பாறைகளுக்கு நடுவே சிக்கிக் கிடந்தன. ஒரு பெரிய குளிர்காலப் புயல் போதும். அதோடு, செய்தி வெளியே கசிந்தால் புதையல் ஆசை மீண்டும் கிளம்பும். குகைக்குப் போகும் வழி ஆபத்தானது, கடல் வற்றும்போது மட்டும் பாறைகளின் மேல் ஏறித்தான் போக முடியும். வேடிக்கை பார்க்கப் போகிறவர் அலையில் சிக்கக்கூடும். எனவே இடத்தை வெளியிடாமல் வைத்திருந்து, மாநிலப் பூங்காத் துறையின் அனுமதி பெற்ற பிறகே இறங்கினார்கள். நடுவில் பெருந்தொற்றுக் காலமும் வந்து தாமதமானது.

யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியையும் இங்கே தொட வேண்டும். அரசக் கப்பல்கள் மூழ்கி எத்தனை நூற்றாண்டு ஆனாலும் தங்களுடையவையே என்பது ஸ்பெயினின் நிலை. மூழ்கிய ஸ்பானியப் போர்க்கப்பலான 'மெர்சிதெஸி'லிருந்து ஒரு தனியார் நிறுவனம் எடுத்த காசுகளை அமெரிக்க நீதிமன்றங்கள் 2012இல் ஸ்பெயினுக்கே திருப்பிக் கொடுக்க வைத்தன. நெஹேலம் குழு ஆரம்பத்திலிருந்தே விற்பனை என்ற பேச்சுக்கே இடம் தராமல், அனுமதியோடும் ஒரு பொது அருங்காட்சியகத்தோடும் சேர்ந்து இயங்கியதால், இந்தப் பூசலுக்குள் போகவே இல்லை. முன்யோசனை என்றால் இதுதான்.

2022 ஜூன்

ஜூன் நடுவில், கடல் மிகத் தாழ்வாக வற்றும் நாள்களில் மீட்பு நடந்தது. தொல்லியலாளர்களோடு மாவட்டக் காவல் துறையினரும் கடல் மீட்புக் குழுவினரும் இறங்கினார்கள். தண்ணீர் திரும்புவதற்குள் உள்ளே போய், படமெடுத்து, அளந்து, துண்டுகளை வெளியே கொண்டுவர வேண்டும். சிறியவற்றைக் கையால் தூக்கினார்கள். பெரியது ஏறத்தாழ ஏழடி நீளம். அதை மிதக்கவிட்டு, நீர் மோட்டார் வண்டியால் இழுத்துக் கரை சேர்த்தார்கள். யாருக்கும் காயம் இல்லை. ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மரங்கள் அஸ்டோரியா நகரத்தில் உள்ள கொலம்பியா ஆற்றுக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போயின. ஒவ்வொன்றையும் முப்பரிமாணப் பதிவு எடுத்து, கப்பல் கட்டுமான அறிஞர்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

செய்தி உலகமெங்கும் ஓடியது. சில தலைப்புகள் 'கப்பல் கிடைத்துவிட்டது' என்றன. குழுவின் அறிக்கைகள் அப்படிச் சொல்லவில்லை. மரம் ஆசியாவைச் சேர்ந்தது, காலம் பொருந்துகிறது, இடம் பொருந்துகிறது. ஆகவே சாந்தோ கிறிஸ்தோவின் பாகமாக இருக்கப் பெரும் வாய்ப்பு உண்டு என்பதுதான் அவர்கள் நிலை. கப்பல் பெயர் பொறித்த மணியோ பீரங்கியோ இன்னும் கிடைக்கவில்லை.

கிடைத்தவை, கிடைக்காதவை

இந்தச் சான்றுகளை வைத்து மணிலா வணிகத்தைக் கற்பனை செய்தால் அது மெழுகும் பீங்கானும் விற்ற வணிகம் என்றே தோன்றும். உண்மையில் கப்பலின் மதிப்பில் பெரும்பகுதி துணி: சீனப் பட்டு, இந்தியப் பருத்தி. துணி கடலில் நிற்காது. கலிபோர்னியாவின் டிரேக்ஸ் விரிகுடாவில் 1595இல் உடைந்த 'சான் அகுஸ்தீன்' கப்பலுக்கும் இதே கதைதான். கரைப் பழங்குடியினர் கையில் பீங்கான் மிஞ்சியது, மற்றதெல்லாம் போயிற்று. மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாக் கரையில் 16ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று சிதறிய இடத்திலும் பீங்கானும் தேன்மெழுகும்தான்.

நம் கரைக்கும் இதில் பங்கு உண்டு. சோழமண்டலக் கரையின் துணிகள் மதராஸிலிருந்து மணிலாவுக்குப் போய், அங்கிருந்து அகாபுல்கோவுக்கு ஏறின. ஸ்பானியர் ஆங்கிலேயக் கப்பல்களுக்கு மணிலாவைத் திறந்துவிடாததால், ஆர்மீனியர் பெயரிலும் போர்த்துகீசியர் பெயரிலும் அந்த வணிகம் நடந்தது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தைக் கட்டிக்கொடுத்த ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரஸ் உஸ்கான் மணிலா வணிகத்தில் பொருள் சேர்த்தவர்தான். மதராஸ் துணி நெஹேலம் கப்பலில் இருந்திருந்தாலும் அதன் ஒரு நூல்கூட நமக்குக் கிடைக்கப் போவதில்லை. எனவே உடைந்த கப்பலைக் கொண்டு வணிகத்தை எடைபோடுகிறவர்கள், மணிலாவின் சரக்குக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எடைபோட வேண்டும்.

மாற வேண்டியவை

மீனவர் மரங்களைப் பார்த்ததற்கும் குழுவுக்குச் சொன்னதற்கும் இடையில் ஏழு ஆண்டுகள். இதில் அவரைக் குறை சொல்ல ஏதும் இல்லை. யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன ஆகும், அள்ளிக்கொண்டு போய்விடுவார்களா என்ற தயக்கம் கரையோரத்தில் எவருக்கும் இருக்கும். மீன் இறங்குதளத்திலும் படகுத் துறையிலும் ஒரு தொடர்பு எண், சொன்னவருக்கு ஆய்வில் இடம் உண்டு என்ற உறுதி, இரண்டும் இருந்திருந்தால் இடைவெளி குறைந்திருக்கும். அந்த ஏழு குளிர்காலத்தில் குகையிலிருந்து எத்தனை துண்டு போயிற்று என்பதற்குக் கணக்கே கிடையாது.

சில்லுகளைப் பொறுக்குகிறவர்களைத் தடுப்பதைவிடப் பழக்குவது மேல் என்று நினைக்கிறேன். எடுப்பதற்கு முன் ஒரு படம், பக்கத்தில் அளவுக்கு ஒரு நாணயம், கைப்பேசி காட்டும் இடக்குறி. இவை இல்லாத சில்லு பாணியைச் சொல்லும், சுனாமியைச் சொல்லாது. பொது நிலத்தில் எடுப்பதற்கு அனுமதி தேவைப்படும் இடங்களில் படமும் இடக்குறியும் மட்டும் அனுப்பினாலே போதும்.

பழங்குடியினரின் கதைகளை 19ஆம் நூற்றாண்டில் எழுதியவர்கள் புதையல் ஆர்வத்தோடு எழுதினார்கள். 'பெட்டி' வருகிற வரி நிலைத்தது. ஆள்கள் வருகிற வரிகள் நறுங்கிவிட்டன. கப்பல் உடைந்த இடம் பற்றியும் தப்பியவர்கள் பற்றியும் அந்த மரபு நேராகவே பேசியிருக்கிறது. அதை ஆய்வின் தொடக்கத்திலேயே, அந்தச் சமூகத்தாரோடு உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த கட்டம் கடலடி. கப்பலின் கீழ்ப்பாகம் நெஹேலத்துக்கு அப்பால் மணலுக்கடியில் இருக்கலாம் என்று குழு கருதுகிறது. காந்தமானியும் ஒலிக்கருவியும் கொண்டு கடற்பரப்பை வருடிப் பார்க்கும் வேலை கோடையில், கடல் இடம் கொடுக்கும் சில நாள்களில் மட்டுமே நடக்கும். அடிப்பாகம் கிடைத்தால் நான் முதலில் கேட்பது அதில் பீங்கான் உண்டா என்று அல்ல. அடிக்கட்டையை விலாச் சட்டங்களோடு எப்படி இணைத்திருக்கிறார்கள், ஆணி இரும்பா மரமா, இடுக்கில் எதை அடைத்திருக்கிறார்கள், பாரத்துக்குப் போட்ட கற்கள் எந்த ஊர்க் கற்கள் என்றுதான்.